ஒரு மரைக்கு இரண்டு சீட்டு

நாங்கள் போன காட்டில் ஒரு மரையைக் கொல்வதற்கு இரண்டு பேர் வேண்டும். அம்பு விடுவது ஒருவராக இருக்கலாம். ஆனால் விழுந்த மிருகத்தில் இரண்டு வேட்டைக்காரரின் அனுமதிச் சீட்டுகளைக் கட்டவேண்டும் என்பது சட்டம். ஒரு ஆள் ஒரு மரை என்று விட்டால் காடு வெறுமையாகிவிடும் என்று அரசாங்கம் நினைத்திருக்கலாம். அந்தச் சட்டம் மட்டும் இல்லாவிட்டால் நான் வில்லைக் கையாலும் தொட்டிருக்க மாட்டேன்.

மரை என்று நான் சொல்வது இங்கே மூஸ் என்கிற மிருகத்தை. எங்கள் வன்னிக் காட்டு மரையை இன்னும் ஒரு ஆள் உயரத்துக்கு இழுத்து, கொம்பைச் சுளகு மாதிரி விரித்துவிட்டால் அதுதான். வீட்டில் நானும் மனைவியும் மரை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நான் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். பொரிக்கிற இடம் என்னுடையது. பக்கத்தில் இறைச்சி வாட்டுகிறவன் ஒரு கியூபெக்காரன், என் வயதுதான், என்னைவிட ஒன்றரை மடங்கு அகலம். பல வருடம் தமிழர்களோடு வேலை செய்ததால் எங்கள் எல்லோரையும் ‘மச்சான்’ என்றே கூப்பிடுவான். அவன் பேசியது பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த குசினிப் பாஷை. ஆனால் அவன் சொல்வதெல்லாம் என் காதுக்குள் போகும்போதே யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். ஆகவே இங்கேயும் அவன் அப்படித்தான் பேசப்போகிறான். கோபிக்க மாட்டான்.

அவனோடு வழக்கமாக வேட்டைக்குப் போகிறவன் வேலை தேடி மேற்கே போய்விட்டான். இரண்டாவது சீட்டுக்கு ஆள் இல்லை. குசினியில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தவன் கடைசியில் என்னிடம் வந்தான்.

“மச்சான், உனக்குக் காடு பிடிக்குமோ?”

சுற்றுலாவுக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்து “ஓம்” என்றேன். முதலில் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற எங்கள் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன், “அண்ணை, நீங்கள் நண்டுக்கே பயப்பிடுற ஆள்” என்றான். அது உண்மைதான். உயிருள்ள நண்டு வந்த அன்று நான் குளிர் அறைக்குள் போய் நின்றிருக்கிறேன்.

வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி எடுத்து, அவனுடைய பழைய வில்லையும் வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த வில். இழுக்கத் தொடங்கும்போது உயிர் போகும். முழுதாக இழுத்த பிறகு பாரம் குறைந்து கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கலாம். செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டின் பேஸ்மென்டில், பழைய உடுப்புகளை அரிசிச் சாக்குக்குள் அடைத்துச் சுவரோடு சாத்திவைத்துப் பழகினேன். மனைவி உடுப்புக் கழுவுகிற மெஷினில் ஏறியிருந்து கால்களை ஆட்டிக்கொண்டு பார்ப்பாள்.

“சாக்குக்கு ஒண்டும் நடக்கேல்லை. சுவருக்குத்தான் பலத்த காயம்,” என்பாள்.

கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து வேலை, படிப்பு, திரும்ப வேலை என்று ஓடியவர்கள் நாங்கள். அவள் தையல் தொழிற்சாலையில் பகல் வேலை, நான் குசினியில் பின்னேர வேலை. ஒருவரை ஒருவர் வாசலில்தான் சந்திப்போம். அந்தக் கோடையில் பேஸ்மென்டில் நாங்கள் சிரித்த அளவுக்கு அதற்கு முன்னர் சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை.

முதல் வருடம் மலைக்குப் போனபோதுதான் தெரிந்தது, காடு என்று நான் கற்பனை செய்துவைத்திருந்த இடம் வேறு என்று. மொன்றியலுக்கு வடக்கே லோரன்ஷியன் மலைகளில் வேட்டைக்கு விட்டிருக்கிற பொதுக்காடு. வாசலில் பதியும்போதே எங்களுக்கு முன்னால் திருவிழா மாதிரி பிக்கப் வரிசை. கல் ரோட்டின் இரண்டு பக்கமும் வாகனங்கள். மரத்துக்கு மரம் செம்மஞ்சள் நாடா. ‘இது என் இடம், தள்ளிப் போ’ என்று அதற்கு அர்த்தம். நாங்கள் ஒவ்வொரு மேடாக ஏறி, நாடாவைக் கண்டு, இறங்கி, கடைசியில் ஒருவருக்கும் வேண்டாத ஒரு சேற்றுப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றோம்.

மரை வேட்டையில் பாதி, கூப்பிடுவதுதான். புரட்டாசி மாதத்தில் ஆண் மரை துணை தேடி அலையும். பேர்ச் மரப்பட்டையைக் குழலாகச் சுருட்டி வாயில் வைத்து, பெண் மரையைப் போல நீட்டி முனகவேண்டும். அதிசயம் என்னவென்றால், அம்பில் மோசமான நான் கூப்பிடுவதில் கெட்டிக்காரனாக இருந்தேன். நண்பனே ஒரு முறை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

ஆனால் அந்த மலையில் கூப்பிடாத ஆள் இல்லை. நான் முனக, எதிர் மேட்டில் இன்னொரு பெண் மரை முனகியது. நண்பன் விரலை உதட்டில் வைத்தான். பெண் இருந்தால் ஆணும் பக்கத்தில் நிற்கும் என்று நாங்கள் அந்தச் சத்தத்தை நோக்கி ஊர்ந்தோம். அதுவும் எங்களை நோக்கி வந்தது. பாதிக் காலையைச் செலவழித்து ஒரு பெரிய பாறையைச் சுற்றி எட்டிப் பார்த்தால், கையில் மரப்பட்டைக் குழலோடு தாடிக்காரன் ஒருவன் முழங்காலில் நிற்கிறான். அவனுக்கு எங்களைப் பார்த்து வந்த ஏமாற்றம் எங்களுடையதைவிடக் குறைந்ததல்ல. “போன்ஜூர்” என்றான். நாங்களும் சொன்னோம். மூன்று பேரும் இருந்து கோப்பி குடித்தோம்.

இன்னொரு நாள் நண்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். மரைக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்குத்தான் எல்லாம். அதனால் வேட்டை உடுப்பை வாசமில்லாத சவர்க்காரத்தில் கழுவிக் காற்றில் போடவேண்டும். நானும் ஒழுங்காகக் கழுவிப் பல்கனியில் காயப்போட்டு, வெள்ளிக்கிழமை எடுத்து உள்ளே வைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை மறந்துபோனேன்.

“மச்சான், கோயில் மணக்குது,” என்றான் நண்பன். “இந்தப் பக்கம் எங்கையோ பாதிரியார் ஒருத்தர் நிக்கிறார்.”

அவன் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் முகர்ந்த வாசம் அதுதானாம். என் சட்டையைப் பிடித்து முகர்ந்தவன், சாம்பிராணி என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்தி முடிக்குமுன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டான். அந்த வருடம் நாங்கள் ஒரு மரையைக் கண்ணாலும் காணவில்லை. ஆனால் குளிர்காலம் முழுவதும் குசினியில் அந்தக் கதை ஓடியது. எனக்கு அவன் நெருங்கிய சிநேகிதனானது அந்தச் சிரிப்பில்தான்.

அடுத்த புரட்டாசி வரும்போது மனைவிக்கு மூன்றாம் மாதம்.

இதைச் சாதாரணமாக எழுத எனக்கு இப்போதும் முடியவில்லை. அதற்கு முன்னர் இரண்டு தடவை கரு வந்து தங்காமல் போனது. முதல் தடவை அழுதோம். இரண்டாம் தடவை ஒருவருக்கு முன்னால் ஒருவர் அழாமல் இருந்தோம். அது இன்னும் கஷ்டம். மூன்றாம் தடவை வந்தபோது ஒருவருக்கும் சொல்லவில்லை. சந்தோஷப்படுவதற்கே பயந்து, வீட்டில் மெல்லமாகக் கதைத்துக்கொண்டு திரிந்தோம்.

நான் பேஸ்மென்டிலிருந்து வில்லைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த நாள், அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, இந்த முறை போகாதேங்கோ.”

“ஏனப்பா?”

“வயித்திலை பிள்ளை இருக்கேக்கை புருசன் உயிர்க்கொலை செய்யக்கூடாது. தெரியாதோ உங்களுக்கு?”

தெரியாமல் என்ன? ஊரில் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் கோழி பிடிக்கக்கூட வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். எனக்கு அப்படியான விஷயங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளை இழந்தவன் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு மூன்றாவதை வைத்துப் பரீட்சை பார்ப்பானா? மறுபக்கம் நண்பன். கோடை முழுவதும் லீவு நாட்களில் அந்த மலைக்குப் போய், கால்தடம் பார்த்து, யாரும் நாடா கட்டாத ஒரு ஓடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். நான் போகாவிட்டால் மரை அவன் முன்னால் வந்து படுத்தாலும் அம்பு விடமுடியாது.

“நான் அம்பு விடேல்லை. கூப்பிட்டு மட்டும் குடுக்கிறன்,” என்றேன்.

“கூப்பிட்டுக் குடுக்கிறதும் கொலைதான்.”

“அப்ப நான் குசினியிலை நாள் முழுக்கக் கோழி பொரிக்கிறன். அது?”

“அது செத்த கோழி.”

எனக்குக் கோபம் வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேன், ஒரே ஒரு நாள், சனிக்கிழமை போய்ச் சனிக்கிழமையே திரும்பிவிடுவேன், வில்லைக் கொண்டுபோகமாட்டேன் என்றேன். “அதுவும் புரட்டாசிச் சனி,” என்று முணுமுணுத்துவிட்டு அவள் சோறு போடத் தொடங்கினாள். வெளிக்கிட்டபோது “போட்டு வாறன்” என்றேன். வழக்கமாக “ஓம், வாங்கோ” என்பவள் அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விடியுமுன் பிக்கப்பில் போகும்போது நண்பன் பின்னால் பார்த்துவிட்டு, “உன்ரை வில் எங்கை?” என்று கேட்டான். தோள் நோகிறது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது. தங்காமல் போன இரண்டு, இப்போது இருக்கிற ஒன்று, உயிர்க்கொலை, எல்லாம். எங்கள் சொந்தக்காரருக்கே சொல்லாததை முதலில் அவனுக்குத்தான் சொன்னேன். அவன் ரேடியோவை நிறுத்தினான்.

“அப்ப உன்ரை சீட்டு?”

“என்ன?”

“நான் விழுத்தினாலும் உன்ரை சீட்டையும் கட்டவேணும். சட்டப்படி அதைக் கொலை செய்தது ரெண்டு பேரும். உங்கடை கடவுள் அதுக்கு என்ன சொல்லுறார்?”

நான் அதை யோசிக்கவே இல்லை. “ரெண்டு சீட்டுக்கு எங்கடை சமயத்திலை ஒண்டும் எழுதேல்லை,” என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பிப் போவோம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவன் கோடை முழுவதும் அலைந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

ஓடையின் இந்தக் கரையில் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் அவன் நின்றான். நான் இன்னும் பின்னால், இளம் தேவதாருக்களுக்குள் குந்தியிருந்தேன். கூப்பிடுகிறவன் பின்னால் இருக்கவேண்டும். சத்தத்தைத் தேடி வருகிற மரை வில்காரனைத் தாண்டித்தான் வரும். நன்றாக வெளிச்சம் வந்ததும் அவன் தலையை ஆட்டினான். நான் குழலை வாயில் வைத்தேன்.

உண்மையாகவே மோசமாகக் கூப்பிடத்தான் நினைத்தேன். ஆனால் குழல் வாய்க்கு வந்ததும் சத்தம் அழகாக வந்துவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ பதிலுக்கு முனகினார்கள். இன்னும் தூரத்தில் இன்னொருவர். ‘இதுகள் எல்லாம் தாடிக்காரர்தான், ஒன்றும் வராது’ என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அப்போது ஓடைக்கு மேலே ஒரு உறுமல் கேட்டது. சின்னதாக, தொண்டைக்குள்ளிருந்து, ஒவ்வொரு காலடிக்கும் ஒன்று. எந்தத் தாடிக்காரனாலும் அப்படி உறுமமுடியாது.

அது மரங்களுக்குள்ளால் வந்தது. அவ்வளவு பெரிய மிருகம், அவ்வளவு பெரிய கொம்பு, ஒரு சுள்ளிகூட முறியாமல் எப்படி வந்தது என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. ஓடைக்குள் இறங்கி நின்று, தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட, நான் இருந்த பக்கத்தையே பார்த்தது. என்னைத்தான் தேடி வந்திருக்கிறது. நான் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறது. கூப்பிட்டுக் கொடுப்பதும் கொலைதான் என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நண்பன் வில்லை இழுத்தான். மரை அவனுக்குப் பக்கவாட்டில், பேஸ்மென்டில் என் அரிசிச் சாக்கு இருந்த தூரத்தில் நின்றது. நான்கூடத் தவறவிடமாட்டேன். அவன் முதுகு அசையவில்லை. நான் கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். பிள்ளையை எடுக்காதே, பிள்ளையை எடுக்காதே என்று மட்டும்தான் கேட்டேன்.

நாணின் சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவன் வில்லை மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டிருந்தான். முழுதாக இழுத்த வில்லை விடாமல் திருப்பிக் கொண்டுவருவது இழுப்பதைவிடக் கஷ்டம். மரை காதை ஆட்டிவிட்டு, தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடை வழியே கீழே போனது.

நான் எழும்பி அவனிடம் போனேன். “என்ன செய்தனீ?” என்று கேட்டேன்.

“உன்ரை சீட்டைக் கட்ட எனக்கு மனம் வரேல்லை, மச்சான்,” என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினியில் வெங்காயம் வெட்டும்போதும் அழாதவன் நான். அவன் என் தலையில் தொப்பியை இழுத்துவிட்டு, கோப்பிப் போத்தலை எடுத்தான். கோப்பி ஆறுவதற்குள் பக்கத்து மேட்டிலிருந்து ஆட்கள் கூவிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் மரை அங்கே போய் விழுந்திருக்கிறது. கியூபெக்காரர் திட்டும்போது தேவாலயத்துச் சாமான்களின் பெயர்களைத்தான் சொல்லித் திட்டுவார்கள். நண்பன் பீடத்திலிருந்து கிண்ணம் வரைக்கும் ஒன்றும் மிச்சம் விடாமல் சொல்லி முடித்தான்.

பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு எழும்பினான். அந்த மலையில் ஒரு வழக்கம். பக்கத்தில் யாராவது மரை விழுத்தினால் போய்த் தூக்க உதவவேண்டும். நானும் எழும்பினேன்.

“நீ இரு,” என்றான். “நீ அதைப் பாக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். பிக்கப்புக்குப் போ.”

அவன் விட்ட மரையை இன்னொருத்தனுக்காக ரோடு வரை இழுத்துக் கொடுத்துவிட்டு, சட்டையெல்லாம் சேறாக அவன் திரும்பி வரும்வரை நான் பிக்கப்புக்குள் இருந்தேன். அவனுக்கு ஒரு துண்டு இறைச்சி கொடுத்திருந்தார்கள். அதைக்கூட என் பக்கம் வைக்காமல் பின்னால் போட்டு மூடினான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். மனைவி கதவைத் திறந்து, என் கைகளைப் பார்த்தாள். தோளைத் தொட்டாள், என்னைத் திருப்பி முதுகைத் தடவினாள், காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். விளையாடிவிட்டு வந்த பிள்ளையைத் தாய் பார்ப்பதுபோல. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவன் வில்லைத் தளர்த்தியதைச் சொன்னபோது அவள் அப்படியே வாசல் படியில் இருந்துவிட்டாள்.

“ஐயோ பாவம்,” என்றாள். “அந்த மனுசனுக்கு நான் என்ன செய்துபோட்டன்.”

“நீர் என்ன செய்தனீர்? நல்லதுக்குத்தானே சொன்னனீர். உயிர்க்கொலை கூடாதுதானே.”

“உயிர்க்கொலையோ? ரெண்டு பிள்ளையள் தங்காமல் போனதே, அப்ப நீங்கள் எதைக் கொலை செய்தனீங்கள்?”

நான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினேன்.

“எனக்கு அதிலை ஒண்டும் பெரிய நம்பிக்கை இல்லை,” என்றாள். “மரத்துக்கு ஒருத்தன் வில்லோடை நிக்கிறான் எண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள். அதுக்குள்ளை இருந்து நீங்கள் மரை மாதிரிக் கத்த, ஆரோ ஒருத்தன் மரையெண்டு நினைச்சு விட்டால்? காட்டுக்குப் போன ஆக்கள் திரும்பி வாறதை நான் ஊரிலை கனக்கப் பாக்கேல்லை.”

“பின்னை ஏன் அப்பிடிச் சொல்லேல்லை?”

“பயமாக்கிடக்கு எண்டு போன வருசமும் சொன்னனான். சிரிச்சுப்போட்டுப் போனனீங்கள். பிள்ளைக்காக எண்டால் நிப்பீங்கள் எண்டு நினைச்சன். அதுக்கும் நிக்கேல்லை.”

அவளுக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். எவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு, “காட்டு மணம் மணக்குது” என்றாள்.

நண்பன் குசினியில், காற்றுத் திரும்பிவிட்டது, மரை மணம் பிடித்து ஓடிவிட்டது என்று சொன்னான். ‘இந்த முறையும் சாம்பிராணியோ’ என்று எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மனைவி சொன்னதை நானும் அவனுக்குச் சொல்லவில்லை.

பங்குனி மாதம், ரோட்டோரத்தில் இன்னும் பனி குவிந்து கிடக்க, மகள் பிறந்தாள். நிறைமாதம், நல்ல குரல். பிறப்புத் தீட்டான துடக்குக் கழிந்த பிறகு நண்பன் பார்க்க வந்தான். எந்த நெருப்புக்கும் கூசாத அந்தப் பெரிய கைகளில் பிள்ளையை வைத்தபோது அவன் மூச்சு விடவும் பயந்து நின்றான். கன நேரம் பார்த்துவிட்டு, “மரையை விடக் கொஞ்சம் சின்னன்தான்,” என்றான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் “மெர்ஸி” என்று மட்டும் சொன்னாள். அவன் அது பார்க்க வந்ததற்கு என்று நினைத்திருப்பான்.

அதன் பிறகு ஒரு வருடம் போனோம். மனைவிக்குப் பிடித்தமாதிரி, ரோட்டை விட்டு அதிகம் உள்ளே போகாமல், ஆட்களுக்குத் தெரிகிற நிறத்தில் மேற்சட்டை போட்டுக்கொண்டு. ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஆவணியில் ஒரு நாள் நண்பன் என்னைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். அவனோடு இருக்கிற பெண்ணுக்கும் அவனுக்கும் பிள்ளை வேண்டி டாக்டர், மருந்து என்று பல காலம் திரிந்தது எனக்குத் தெரியும். அவன் முகம் சிவந்திருந்தது.

“மூண்டாம் மாசம், மச்சான். ஒருத்தருக்கும் சொல்லாதை.”

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். பிறகு அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “உங்கடை அந்த உயிர்க்கொலைச் சட்டம்… அது எங்களுக்கும் இருக்கோ? நான் கோயிலுக்கே போறதில்லை. எனக்கு அதிலை எல்லாம் நம்பிக்கையும் இல்லை.”

அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்ற மனைவியின் முகம் எனக்கு முன்னால் வந்தது.

“வேட்டைக்குப் போறன் எண்டு நீ சொல்லேக்கை அவ என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லேல்லை. சும்மா பாத்துக்கொண்டு நிண்டவ.”

“அப்ப உனக்கும்தான் சட்டம். அதுக்கு நம்பிக்கை தேவையில்லை, மச்சான். வீட்டிலை நில்லு.”

அவன் தலையை ஆட்டினான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஃபோன் எடுக்கப் போனான்.